325 குதிரைகளும் ஒரு குடும்பக் காரும்

"சேர், ஃபாஸ்ட் அன்ட் ஃபியூரியஸ் படத்துல வார அந்தக் கறுப்பு டொட்ஜ் சார்ஜரும் ஒரு டொயோட்டா கெம்ரியும் ஓடினா எது முந்தும்?"

தரம் 11 இல் கைத்தொழிற் புரட்சி பாடம் நடந்துகொண்டிருந்தபோது பின் வாங்கிலிருந்து வந்த கேள்வி. வகுப்பே சிரித்தது. ஆனால் அது நல்ல வரலாற்றுக் கேள்வி. பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

சினிமாக் காரை விட்டுவிடுவோம். படத்துக்காகச் சொல்லும் குதிரைவலுவை யாரும் அளந்து பார்ப்பதில்லை. உண்மையான வண்டிகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் "மசில் கார்" என்று சொல்வது ஸ்போர்ட்ஸ் காரும் இல்லை, பணக்காரரின் சொகுசுக் காரும் இல்லை. ஆசிரியரோ எழுதுவினைஞரோ வாங்கக்கூடிய நடுத்தரக் காரின் உடம்பை எடுத்து, அதே கம்பனி தன் மிகப் பெரிய காருக்குச் செய்த எஞ்சினை அதற்குள் திணித்தால் வருவதுதான் அது. விலை குறைவு, சத்தம் அதிகம், நேர்கோட்டில் வேகம் அதிகம். வளைவு வந்தால் மட்டும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த வகையைத் தொடக்கிவைத்தது என்று பெரும்பாலானோர் ஒப்புக்கொள்ளும் கார் 1964 ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜீ.டி.ஓ. அது பிறந்த விதம் சுவாரசியமானது. ஒரு கம்பனி தன் சொந்தச் சட்டத்தையே ஏமாற்றிப் பெற்ற பிள்ளை அது.

பொன்டியாக், ஜெனரல் மோட்டர்ஸ் என்ற பெரிய கம்பனியின் ஒரு பிரிவு. 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டர்ஸ் தலைமை தன் பிரிவுகள் அனைத்தையும் பந்தயங்களில் இருந்து விலகச் சொன்னது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டக்கூடாது என்ற விதியும் இருந்தது. பொன்டியாக்கின் பெயரே பந்தயத்தால் வளர்ந்தது. அது இல்லாவிட்டால் விற்பது எப்படி?

அப்போது அங்கே பிரதான பொறியியலாளராக இருந்தவர் ஜோன் டிலோரியன். (ஆம், பிற்காலத்தில் "பெக் டு த ஃபியூச்சர்" படத்தில் வந்த அந்த வெள்ளிநிறக் காரைச் செய்தவரேதான். அவருடைய எழுச்சியும் வீழ்ச்சியும் தனிக்கதை, இன்ஷா அல்லாஹ் இன்னொரு நாளில் எழுதுகிறேன்.) டெம்பஸ்ட் என்ற நடுத்தரக் காரில் 326 கன அங்குல எஞ்சின் நின்ற இடத்தில், பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினும் அப்படியே உட்காரும் என்பதை அவரும் அவருடைய ஆட்களும் கண்டுகொண்டார்கள். நமது கணக்கில் அது 6.4 லீற்றர். விதியோ புதிய மாதிரிகளுக்குத்தான். மேலதிகக் கட்டணத்தோடு எடுக்கும் "விருப்பத் தெரிவு" ஒன்றுக்குத் தலைமையின் அனுமதி வேண்டியதில்லை. ஆகவே ஜீ.டி.ஓ. முதலில் ஒரு காராக வரவே இல்லை. டெம்பஸ்ட் லெ மான்ஸ் காரை வாங்குபவர் ஏறத்தாழ 295 டொலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைக்கும் ஒரு பொதியாகத்தான் வந்தது. பெயரையும் இத்தாலியின் ஃபெராரி 250 ஜீ.டி.ஓ. விடமிருந்து கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

விற்பனைப் பகுதியினர் 5,000 கார் விற்றால் போதும் என்றார்கள். முதல் வருடமே 32,450 விற்றது. போர் முடிந்து 1946 இல் பிறந்த பெருந்தொகைப் பிள்ளைகளுக்கு 1964 இல் 18 வயது. அந்தத் தலைமுறைக்கு வேலை இருந்தது, கையில் காசு இருந்தது, பெற்றோல் மலிவாக இருந்தது. மொத்தம் 2,900 டொலருக்கும் குறைவாக, 325 குதிரைவலு என்று தாளில் எழுதிய கார் கிடைத்தால் யார் விடுவார்?

தாளில் எழுதிய என்று சொன்னேன். வரலாறு படிப்பவர் மூலாதாரத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். இங்கே சந்தேகிக்க இரண்டு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, 1964 மார்ச்சில் "கார் அன்ட் ட்ரைவர்" சஞ்சிகை ஜீ.டி.ஓ. வைச் சோதித்து வெளியிட்ட கட்டுரை. நின்ற நிலையில் இருந்து மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 96 கிலோமீற்றர் வேகத்தை 4.6 செக்கனில் தொட்டதாக எழுதினார்கள். நாடே அதிர்ந்தது. இன்றும் இணையத்தில் அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சோதனைக்குக் கொடுத்த காரில் இருந்தது கடையில் விற்ற 389 எஞ்சினே அல்ல. இரகசியமாக மாற்றிப் பூட்டிய 421 கன அங்குல எஞ்சின். பொன்டியாக்கின் விளம்பர மூளையாக இருந்த ஜிம் வேங்கர்ஸ் பல வருடங்களின் பிறகு இதைத் தானே ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் மற்றவர்கள் சோதித்த, கடையில் வாங்கக்கூடிய ஜீ.டி.ஓ. க்களுக்கு அதே வேகத்தைத் தொட 7 செக்கன் அளவில் தேவைப்பட்டது.

இரண்டாவது காரணம் குதிரைவலுவை அளந்த முறை. 1971 வரை அமெரிக்காவில் எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி இல்லாமல், முழு சைலன்சர் குழாய் இல்லாமல், அது இழுக்க வேண்டிய உபகரணங்களையும் கழற்றிவிட்டு அளந்தார்கள். இதற்கு "மொத்த" வலு என்று பெயர். 1972 இலிருந்து காரில் இருப்பது போலவே எல்லாவற்றையும் பூட்டி அளக்கும் "தேறிய" வலுவைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். சம்பளப் பட்டியலில் மொத்தச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் எவ்வளவு வேறு என்பது நம் ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1971 கொர்வெட்டின் எல்.எஸ்.6 எஞ்சினுக்கு இரண்டு எண்களும் உண்டு: மொத்தமாக 425, தேறியதாக 325. ஒரே எஞ்சின், ஒரே இரும்பு. நூறு குதிரைகள் கடதாசியில் மட்டும் ஓடியிருக்கின்றன.

(டொயோட்டாவும் இதில் முழுக்க நல்ல பிள்ளை இல்லை. அளவிடும் விதிகள் இறுக்கப்பட்டபோது கெம்ரியின் 3 லீற்றர் எஞ்சின் 210 இலிருந்து 2006 இல் 190 ஆகக் குறைந்தது. எஞ்சினில் ஒன்றும் மாறவில்லை.)

சரி, மறுபக்கம் வருவோம். 2018 ஆம் ஆண்டின் கெம்ரி, அமெரிக்காவில் விற்ற 3.5 லீற்றர் வி6 எஞ்சின் வகை. நான்கு கதவு, பின்னால் பிள்ளைகளின் இருக்கை, டிக்கியில் மளிகைச் சாமான். தேறிய வலு 301. எடை ஜீ.டி.ஓ. வின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம், இரண்டும் 1,600 கிலோ அளவில். 60 மைல் வேகத்தை 6 செக்கனுக்குக் கொஞ்சம் குறைவாகத் தொட்டது. கால் மைல் தூரத்தை 14 செக்கனும் கொஞ்சமுமாக ஓடியது. சாதாரண 1964 ஜீ.டி.ஓ. அருகில் நின்றால் பின்னால் இருந்து கெம்ரியின் சிவப்பு விளக்கைத்தான் பார்க்கும். அதுவும் குளிரூட்டி போட்டபடி, பாட்டுக் கேட்டபடி.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மசில் கார்கள் உச்சத்தைத் தொட்ட 1970 இல் வந்த சிலவற்றைக் கெம்ரி தொட முடியாது. ஷெவர்லே ஷெவல் எஸ்.எஸ். 454 இன் எல்.எஸ்.6 வகை கால் மைலை 14 செக்கனுக்குள் முடித்தது. 426 ஹெமி எஞ்சின் பூட்டிய டொட்ஜ்களும் அந்தக் கூட்டம்தான். அப்படிப்பட்ட கார்கள் மிகச் சில ஆயிரங்களே செய்யப்பட்டன. கெம்ரி போன்றவை இலட்சக்கணக்கில் ஓடுகின்றன. ஆகவே அந்த மாணவனுக்குப் பதில்: எந்த டொட்ஜ் என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு வேடிக்கை. டொயோட்டா அமெரிக்காவுக்கு முதன்முதலாகப் போனது 1957 இல், டொயோபெட் கிரவுன் என்ற காரோடு. ஜப்பானின் கரடுமுரடான வீதிகளுக்குச் செய்த கனமான கார், 60 குதிரைவலு அளவில் எஞ்சின். அமெரிக்க நெடுஞ்சாலையில் மற்ற வாகனங்களோடு சேர்ந்து ஓடவே மூச்சு வாங்கியது, சூடேறியது. சில வருடங்களில் அந்தக் காரின் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். பொன்டியாக்கில் ஜீ.டி.ஓ. கனவு கண்டவர்கள் அந்தக் காரைப் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

6.4 லீற்றர் எஞ்சின் செய்யாததை 3.5 லீற்றர் எப்படிச் செய்கிறது? மூலவிடயம் அமுக்கம். எஞ்சினுக்குள் காற்றையும் பெற்றோலையும் எவ்வளவு அமுக்கிப் பற்றவைக்கிறோமோ அவ்வளவு பலன். ஆனால் அதிகம் அமுக்கினால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். எஞ்சின் "டொக் டொக்" என்று தட்டும் என்று கராஜ்காரர்கள் சொல்வது இதைத்தான். 1964 ஜீ.டி.ஓ. வின் அமுக்க விகிதம் 10.75 க்கு 1. அதைத் தட்டாமல் ஓடவைத்தது பெற்றோலில் கலந்த ஈயம். இந்த ஈயச் சேர்மத்தின் வேலையை 1921 இல் கண்டுபிடித்ததே ஜெனரல் மோட்டர்ஸின் ஆய்வுகூடம்தான். அது புகையாக வெளியேறி வீதியோரப் பிள்ளைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. அந்தக் காலத்துக் காரின் வலுவில் ஒரு பங்கு நஞ்சில் இருந்து வந்தது என்று நான் சொன்னால் அது மிகைப்படுத்தல் இல்லை.

கெம்ரியின் விகிதம் அதையும் விட அதிகம், 11.8 க்கு 1. ஈயம் இல்லை, சாதாரண பெற்றோல். பெற்றோலை நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே விசிறும்போது அது ஆவியாகி உள்ளிருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. வால்வு திறக்கும் நேரத்தைக் கணினி நொடிக்கு நொடி மாற்றுகிறது. தட்டல் தொடங்கியதுமே உணர்கருவி பிடித்துவிடுகிறது. 1964 இல் கார்புரேட்டரும் கராஜ் ஆளின் காதும் செய்த வேலை இது.

இந்த முன்னேற்றம் கம்பனிகள் மனமிரங்கித் தந்ததல்ல. இழுத்துப் பிடித்து வாங்கியது. எனக்கு இந்தக் கதையில் காரை விட இதுதான் முக்கியம்.

1966 இல் அமெரிக்க வீதிகளில் ஒரே வருடத்தில் 50,000 க்கும் அதிகமானோர் இறந்தார்கள். வியட்நாம் போர் முழுவதிலும் இறந்த அமெரிக்கப் படையினரின் தொகை 58,000 சொச்சம். அதற்குக் கிட்டிய ஒரு தொகை, ஒரே வருடத்தில், வீட்டுக்கும் வேலைக்கும் போகும் வழியில். அதற்கு முதல் வருடம், லெபனானில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த ரால்ஃப் நேடர் என்ற இளம் சட்டத்தரணி, கார்க் கம்பனிகள் பாதுகாப்பைத் தெரிந்தே புறக்கணிக்கின்றன என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். ஜெனரல் மோட்டர்ஸ் என்ன செய்தது? புத்தகத்துக்குப் பதில் எழுதாமல், அவருடைய சொந்த வாழ்க்கையில் அழுக்குத் தேடத் தனியார் துப்பறிவாளர்களை ஏவியது. அது வெளியே வந்துவிட்டது. 1966 மார்ச்சில் கம்பனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன்னால் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் செப்டெம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமானது. நேடர் வழக்குப் போட்டு 425,000 டொலர் இணக்கத் தொகையும் வாங்கினார். அந்தப் பணமும் பாவனையாளர் உரிமை வேலைக்கே போனது.

1970 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே ஜெனரல் மோட்டர்ஸ் தன் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. காப்புறுதிக் கம்பனிகள் எடைக்கு மிஞ்சிய வலுவுள்ள கார்களுக்கு, அதிலும் ஓட்டுபவர் இளைஞர் என்றால், கட்டணத்தை ஏற்றின. பிறகு 1973 ஒக்டோபர். அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்த விலை சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் கார் வைத்திருந்தவர்கள் பெற்றோல் நிலையங்களில் வரிசையில் நின்றார்கள். பல மாநிலங்களில் இலக்கத் தகட்டின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பெற்றோல் அடித்தார்கள். 2022 இல் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் ஒதுக்கி, பிறகு கியூ.ஆர். முறைக்கும் போன நமக்கு அந்த வரிசையின் வெயில் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லித்தரத் தேவையில்லை.

ஜீ.டி.ஓ. 1974 இல் நின்றது. அந்தக் கடைசி வருடத்தில் விற்றது 7,058. தேறிய வலு 200.

நம் ஊரில் வாகனப் பேச்சு வந்தால் பெரியவர்கள் யாராவது சொல்வார்கள்: "அந்தக் காலத்துக் கார் இரும்பு. இப்ப வாரது தகரம். கையால அமத்தினா உள்ளுக்குப் போகுது." வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. அமெரிக்காவிலும் இதே பேச்சு இருந்தது. அதனால் 2009 இல், காப்புறுதிக் கம்பனிகள் நடத்தும் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று தன் 50 ஆவது வருடத்தை முன்னிட்டு ஒரு சோதனை செய்தது. 1959 ஷெவர்லே பெல் எயார் ஒன்றையும் 2009 ஷெவர்லே மலிபு ஒன்றையும், இரண்டும் மணிக்கு 40 மைல் வேகத்தில், முகத்தோடு முகம் பாதி ஒட்ட மோதவிட்டார்கள். மலிபு ஒரு சாதாரணக் குடும்பக் கார். அதன் பெயர் மசில் காலத்தில் ஷெவல் காரின் ஒரு வகைக்கு வைத்த அதே பெயர்.

காணொளி இணையத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். பெல் எயாரின் ஓட்டுநர் பகுதி அப்படியே நொறுங்கி உள்ளே போகிறது. முன் கண்ணாடி கழன்று போகிறது. ஸ்டியரிங் ஓட்டுநர் பொம்மையை நோக்கி வருகிறது. உண்மையான மனிதர் என்றால் பிழைத்திருக்க மாட்டார். மலிபுவின் முன்பக்கமும் சப்பளிந்து போனது. ஆனால் ஓட்டுநர் உட்கார்ந்த கூடு குலையவில்லை. காலில் காயம் ஏற்பட்டிருக்கலாம் என்றுதான் பதிவு செய்தார்கள். பழைய காரில் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோதினார்கள் என்று கோபப்பட்டுச் சிலர் சொன்னார்கள். இல்லை, ஆறு சிலிண்டர் எஞ்சின் உள்ளேதான் இருந்தது.

கையால் அமத்தினால் உள்ளே போகும் அந்தத் தகரம் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. மோதலின் சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். இரும்பு வளையாவிட்டால் அது மனித நெஞ்சுக்குப் போகிறது. முன்னும் பின்னும் நசுங்கி நடுக்கூடு உறுதியாக நிற்க வேண்டும் என்ற யோசனையை மெர்சிடிஸ் கம்பனி 1959 இலேயே ஒரு காரில் செய்துகாட்டிவிட்டது. அதாவது பெல் எயார் செய்த அதே வருடம். தெரியாமல் போன அறிவு என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை.

ஜீ.டி.ஓ. வந்தது பெல் எயாருக்கு ஐந்தே வருடங்கள் பிறகு. 325 குதிரைகளை நிறுத்த நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். முன்னால் டிஸ்க் பிரேக் வேண்டுமானால் 1967 வரை காத்திருக்க வேண்டும், அதற்கும் தனிக் காசு. பிரேக் எண்ணெய் ஒரே சுற்றுத்தான். ஓரிடத்தில் குழாய் வெடித்தால் பிரேக் முழுவதும் போய்விடும். மோதினால் மடங்கும் ஸ்டியரிங் தண்டும் 1967 இல்தான் வந்தது. தோளுக்குப் பட்டி இல்லை. இதைத்தான் அந்தக் கம்பனி 18 வயதுப் பையன்களுக்கு விற்றது. டெட்ராயிட்டின் வூட்வர்ட் அவெனியுவில் இரவுகளில் அவர்கள் சிக்னலுக்குச் சிக்னல் போட்டிக்கு ஓடினார்கள். வேங்கர்ஸ் அந்தப் பையன்களைத்தான் தன் விளம்பரங்களில் கூப்பிட்டார். அவரைத் திறமைசாலி என்று புகழும் புத்தகங்கள் உண்டு. திறமை இருந்தது, மறுக்கவில்லை. எனக்கு அவரைப் புகழ மனம் வரவில்லை.

1966 இல் அமெரிக்காவில் ஒவ்வொரு 10 கோடி மைல் வாகன ஓட்டத்துக்கும் 5.5 பேர் அளவில் இறந்தார்கள். 2010 களில் அது ஒன்றுக்குச் சற்று மேல். வீதி, மருத்துவம், குடிபோதைச் சட்டம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. கார் மாறியதற்கும் பெரிய பங்கு உண்டு.

கெம்ரியிடம் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. ஜீ.டி.ஓ. வில் 60 மைலில் போனால் ஸ்டியரிங் நடுங்கும், காற்று இரையும், ஓட்டுபவருக்குத் தன் வேகம் உடம்பில் தெரியும். இன்றைய குடும்பக் காரில் அந்த எச்சரிக்கையைத் துடைத்துவிட்டார்கள். 100 கிலோமீற்றரில் போகும்போதும் வீட்டு மண்டபத்தில் இருப்பது போல இருக்கும். கார் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும். வீதி கடக்கும் பிள்ளைக்கு அந்தக் கூடு இல்லை.

இப்போது இந்தப் போட்டியின் இரண்டாவது கட்டமும் முடிந்துவிட்டது. 2025 மாதிரியோடு கெம்ரி அமெரிக்காவில் வி6 எஞ்சினைக் கைவிட்டு முழுவதும் ஹைபிரிட் ஆனது. 2.5 லீற்றர் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து முன்சக்கர வகையில் 225 குதிரைவலு. சிக்கனமான வகை அமெரிக்க அரசின் கணக்குப்படி லீற்றருக்கு 21 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது, ஜீ.டி.ஓ. வை விட நான்கு மடங்கு. பொன்டியாக் என்ற பெயரையே ஜெனரல் மோட்டர்ஸ் 2010 இல் மூடிவிட்டது. அமெரிக்கக் குடும்பங்கள் உயரமான எஸ்.யூ.வி. வாகனங்களுக்கு மாறியதால் 2024 நவம்பரில் மலிபுவும் நின்றது. அந்தக் கம்பனி தன் நாட்டில் ஷெவர்லே பெயரில் விற்றுவந்த கடைசிக் குடும்ப செடான் அதுதான்.